படத்தில் நிற்காத பிள்ளை

மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் கரட் வெட்டிக்கொண்டிருந்தேன். யூலை மாதம், செவ்வாய்க்கிழமை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் சாட்ஸ் என்ற அரசாங்கப் பரீட்சையின் முடிவு அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர இருந்தது. நாளை மூன்று மணிக்கு வர முடியுமா, மகளைப் பற்றி அதிபர் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டுமாம் என்று அலுவலகப் பெண் கேட்டாள். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள். இந்த நாட்டில் அந்த வசனத்தை ஆஸ்பத்திரியிலும் லோயரின் அறையிலும் நான் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் எப்போதும் பயப்பட வேண்டி வந்திருக்கிறது.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் கனம் இருந்தது.

அதைச் சொல்வதற்கு முதல் நியூஸ்லெட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் பள்ளியிலிருந்து அது போனுக்கு வரும். தோட்டத்தில் அவரை நட்டவர்கள், முதல் முறை நீச்சல் குளத்தின் அகலத்தை நீந்திக் கடந்தவர்கள், விழுந்த சின்னப் பிள்ளையைத் தூக்கிவிட்டவர்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் பிள்ளைகளின் படம் இருக்கும். பிள்ளைகள் மார்க்ஸ் மட்டும் இல்லை என்று பெற்றோருக்குக் காட்டத்தான் அதைப் பள்ளி அனுப்புகிறது. நானோ அதையும் ஒரு பரீட்சை முடிவு போலவே வாசித்தேன். என் பிள்ளையின் பெயர் எங்கே, முகம் எங்கே என்று மேலிருந்து கீழ்வரை தேடுவேன். ரிசெப்ஷன் என்கிற பாலர் வகுப்பில் தொடங்கி ஏழு வருடம் தேடினேன். ஒருமுறையும் இல்லை. ஒரு கூட்டப் படத்தின் ஓரத்தில்கூட இல்லை. ஏன் என்று ஒவ்வொரு வெள்ளியும் அவளைக் கேட்பேன்.

நான் வாய்க்காரி. அதை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்க வேண்டியதில்லை. மே மாதம், சாட்ஸ் தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ரியூஷனில் கணக்குக்கு அவள் எடுத்த புள்ளிகளை ரீச்சர் அனுப்பியிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நியூஸ்லெட்டரும் வந்தது. முதல் பக்கத்தில் மண் படிந்த கையோடு ஒரு சிறுமி கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். போனை மகளின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இதுகளும் பிள்ளையள்தானே? ஏழு வருசத்திலை ஒருக்காலெண்டாலும் உன்ர முகம் இதிலை வந்திருக்கே? படிப்பும் இல்லை, மற்றதும் இல்லை. பிறகு என்னத்துக்கு உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்புறன்?"

அவள் அழவில்லை. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்தப் படம் வடிவா இருக்கு, அம்மா," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். திமிர் என்று நினைத்து அதற்கும் இரண்டு வார்த்தை கூடப் பேசினேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைப்பது குறைந்துபோனது. கேட்டால் ஓம், இல்லை. சாப்பாடு போதும், தலை சீவி இழுத்தாயிற்று. முன்பெல்லாம் நான் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று கதை சொல்லும் பிள்ளை. மகள் என் கையைவிட்டுப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் திரும்பப் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு இல்லை.

ஆகவே அழைப்பு வந்தவுடன் எனக்கு ஒரே யோசனைதான். பிள்ளை பள்ளியில் சொல்லிவிட்டாள். இங்கே தாய் என்ன சொன்னாள் என்பதையும் எழுதி வைப்பார்கள், வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள் என்று மிச்சம் என்ற எங்கள் பகுதியில் எனக்குத் தெரிந்த நாலு பேரும் சொல்லியிருந்தார்கள். இரவு கணவரிடம் சொன்னேன். அவர் கடையில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்த அலுப்பில், போய்க் கேட்டுப்போட்டு வா, அங்கேயாவது வாயைக் கொஞ்சம் அடக்கு என்றார். மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து ட்ராமில் போனேன். கை முழுக்க வெங்காய மணம். ஒவ்வொரு தரிப்பிலும் ஒரு விளக்கத்தைத் தயாரித்து, அடுத்த தரிப்பில் அதை அழித்தேன். நான் அடிக்கவில்லை, பேசினேன். எல்லாத் தாய்மாரும் பேசுவதுதான். இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது. நுணலும் தன் வாயால் கெடும். பள்ளி வாசலில் மணியை அமத்தினேன்.

அதிபர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண். கதவைச் சாத்தினார். மேசையில் ஒரு மெல்லிய கோப்பு இருந்தது. அதிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி, இது உங்கள் கையெழுத்துத்தானே என்று கேட்டார்.

என் கையெழுத்துத்தான். மகள் ரிசெப்ஷனில் சேர்ந்த வருடத்துப் படிவம். உங்கள் பிள்ளையின் படத்தையும் பெயரையும் நியூஸ்லெட்டரில் போடலாமா என்று கேட்டிருந்தது. இல்லை என்ற பெட்டியில் நான் போட்டிருந்த சரி அடையாளம் தாளின் மறுபக்கம்வரை பதிந்திருந்தது. அவ்வளவு அழுத்திப் போட்டிருக்கிறேன்.

அப்போது கணவரின் அகதிக் கேஸ் முடியவில்லை. படம் எங்கேயும் வரக்கூடாது, யார் பார்ப்பார்கள் என்று தெரியாது என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். நாங்கள் கல்யாண வீட்டு வீடியோவில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்த காலம். மாற்றம் இருந்தால் அறிவியுங்கள் என்று பள்ளி வருடா வருடம் கேட்டுத்தான் இருக்கிறது. அந்த மின்னஞ்சல்களை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஏழு வருடமாக ஒரு பிள்ளையை ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று அவரிடம் கேட்கவும் செய்தேன். கேட்டிருக்க வேண்டும், அது எங்கள் பிழை என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் நான் அந்தப் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். படம் எடுக்கும்போதெல்லாம் மகள் தானாகவே விலகி, மற்றப் பிள்ளைகளின் கோட்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். நாலாம் ஆண்டில் வகுப்பாசிரியைக்கு மனம் கேட்காமல், நீயே எடு என்று பள்ளிக் கமராவைக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து நியூஸ்லெட்டரில் வந்த படங்களில் பாதிக்கு மேல் அவள் எடுத்தவை. அதிபர் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனார். தலையில் வலை போட்ட, பள்ளியில் சாப்பாடு பரிமாறும் அம்மா வாய் நிறையச் சிரிக்கிறார். நீந்தி முடித்த பிள்ளை தண்ணீருக்குள் நின்று தாயைத் தேடுகிறது. அடுத்தது, மண் படிந்த கையோடு கண்ணை மூடிச் சிரிக்கும் அந்தச் சிறுமி.

எனக்கு அதற்கு மேல் பார்க்க ஏலவில்லை.

கடைசி நியூஸ்லெட்டரில் ஒரு பக்கம் முழுக்க அவளின் படங்களைப் பெயரோடு போடவும், வகுப்புப் படத்தில் அவளை நிறுத்தவும் விரும்புகிறோம், அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்றார் அதிபர். வெள்ளிக்கிழமை முடிவு வரும், அதில் இதற்கு ஒரு கட்டம் இல்லை, அது வருவதற்கு முதல் நீங்கள் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன் என்றும் சொன்னார். பிறகு மகளைக் கூப்பிட்டனுப்பினார்.

அவள் உள்ளே வந்தாள். என்னைக் கண்டாள், மேசையில் இருந்த படிவத்தைக் கண்டாள். முகம் வெளிறிப்போனது. அதிபருக்கு விளங்கக் கூடாதென்று, வீட்டில் மட்டும் பேசும் தமிழில், வேகமாக என்னிடம் சொன்னாள்.

"அம்மா, சத்தியமா நான் ஒருநாளும் படத்திலை நிக்கேல்லை. எடுத்தது மட்டும்தான். அப்பாவை அனுப்பமாட்டினம்தானே?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்று பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது, நாலு வயதுப் பிள்ளையிடம் நான் சொன்னது. ஆரும் படம் எடுத்தால் ஓடிப்போய் நில்லாதே, நீ நிண்டால் அப்பாவைப் பிடிச்சு ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவினம். சொல்லிவிட்டு நான் மறந்துவிட்டேன். அவள் ஏழு வருடம் தகப்பனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவளிடம் பதில் இருந்தது. சொன்னால் அப்பாவுக்கு ஏதும் ஆகிவிடும் என்று வாய் திறக்கவில்லை.

"அப்பாக்கு விசா கிடைச்சு நாலு வருசமாச்சு, பிள்ளை," என்றேன்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

உண்மைதான். விசா வந்த அன்று பாயாசம் காய்ச்சினேன். கனடாவுக்குப் போன் எடுத்துச் சொன்னோம், பிரான்சுக்குச் சொன்னோம், வெம்பிளியில் இருக்கும் மச்சாள் வீட்டுக்கு இனிப்போடு போய்ச் சொன்னோம். அவளும் எங்களோடு இருந்து பாயாசம் குடித்தாள். இனிப் பயமில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதிபருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் ஒன்றும் கேட்காமல் டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் பேனாவைக் கேட்டு வாங்கிப் புதிய படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு அதிபருக்கு முன்னாலேயே மகளின் கையைப் பிடித்து, அம்மா பிழை விட்டுட்டன் என்றேன். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. ஓகே அம்மா, ஓகே என்று கையை உருவிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. வாசிப்பும் எழுத்தும் நன்றாக இருந்தன. கணக்கில் எதிர்பார்த்த மட்டத்தை அவள் எட்டவில்லை. மச்சாள் போன் எடுத்து எப்படி என்று கேட்டாள். கணக்கு சரிவரவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் அது பொய். செப்டெம்பரில் பெரிய பள்ளிக்கூடத்தில் என்ன செய்யப்போகிறாள் என்று இப்போதும் நெஞ்சு அடிக்கத்தான் செய்கிறது.

அன்று பின்னேரம் நியூஸ்லெட்டரும் வந்தது. சோபாவில் அவளைப் பக்கத்தில் இருத்தி, மேலிருந்து கீழாகச் சேர்ந்து பார்த்தோம். அவள் எடுத்த படங்களுக்குக் கீழே அவளின் முழுப் பெயர் இருந்தது. நான் சத்தமாக வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் வகுப்புப் படம். எல்லாப் பிள்ளைகளும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். வலது பக்கக் கரையில் என் மகள், மற்றவர்களிலிருந்து ஓர் அடி தள்ளி, ஒரு காலை வெளியே வைத்தபடி நிற்கிறாள்.

ஏன் பிள்ளை கிட்டப் போய் நிற்கவில்லை என்று கேட்டேன். இந்த முறை மெல்லத்தான் கேட்டேன்.

"கிட்டத்தான் நிண்டனான், அம்மா. கமராவைக் கண்டதும் கால் தன்ரபாட்டிலை விலகிட்டுது."