அலுமாரிக்குள் அழுத பெடியன்

எனக்கு எண்பத்தொரு வயசு. ஆறு பிள்ளையளை வளர்த்து ஆளாக்கினனான். எழுத்துப் பெரிசாய் வராது; நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுவாள். பேப்பரிலை வாற இந்தப் பத்தியை ஒரு கிழமையும் விட்டதில்லை. இந்தக் கிழமைதான் சொல்லு வருகுதில்லை...

இங்கிலீசு நாட்டிலை, கிங்ஸ்பரியிலை, என்ரை பிளாட்டுக்கு மேலை கெய்க்கோ இருக்கிறா. ஜப்பான்காரி. அறுபத்தெட்டு வயசு. கார்ட்டூனுக்குக் குரல் குடுக்கிறதுதான் தொழில். முப்பது வருசமாய் ஒரே வேசம் — ஏழு வயசுப் பெடியன்! காலமை அவ குரல் பழகேக்கை என்ரை சீலிங்குக்கு மேலை அவன் சிரிப்பான்.

முந்தி டோக்கியோவுக்குப் பறந்து போய்ப் பேசினவ. இப்ப வீட்டு அலுமாரிக்குள்ளை, கோட்டுகளுக்கு நடுவிலை மைக். சரசரக்காத பருத்திச் சட்டைதான் போடுவா. தாள் புரட்டினாலும் சத்தம் வராது.

போன மாசம் கம்பனிக்காரர் புதுசாய் ஒரு சாம்பிள் கேட்டிச்சினம். குரலிலை இன்னும் அந்தப் பெடியன் இருக்கிறானோ எண்டு பார்க்கவாம். முப்பது வருசத்துக்குப் பிறகு பரீட்சை!

"அக்கா, நாளைக்குப் பதினொரு மணிக்கு ரெக்கோர்டிங். பன்னிரண்டுக்குள்ளை அனுப்போணும்," எண்டா. அவவின்ரை இங்கிலீசும் என்ரை இங்கிலீசும் ஒரே அளவு. 'அக்கா' மட்டும் நான் பழக்கினது.

எங்கடை ஆக்கள் அயலுக்குப் போன் அடிச்சுப்போட்டே போறது? பதினொண்டரைக்கு முடிஞ்சிருக்கும் எண்டு நினைச்சு, தொண்டைக்குக் கொத்தமல்லி அவிச்சுக்கொண்டு போனன். பூமரத்துக்குத் தண்ணி விட அவ தந்த திறப்பு என்னட்டை இருந்தது. மெல்லமாய்த்தான் திறந்தன். ஆனால் கையிலை ஆறு காப்பு... கலகலவெண்டுது.

அலுமாரிக்குள்ளை அந்தப் பெடியன் தாயைத் தேடி அழுதுகொண்டிருந்தான்.

அந்த அழுகை ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் வருமாம். பிறகு தொண்டை அடைச்சிடும். கெய்க்கோ வெளியிலை வந்து என்ரை கையைப் பார்த்தா. ஏசேல்லை. கொத்தமல்லித் தண்ணியைக் குடிச்சா. எடுத்ததை அப்பிடியே அனுப்பினா.

முந்தநாள் மறுமொழி வந்தது. வேசம் ஒரு இளம் பெட்டைக்காம்.

"என்ரை காப்புச் சத்தத்தாலையோ?"

"தெரியாது, அக்கா."

"வயசாலையோ?"

"தெரியாது. அவை சொல்லேல்லை."

ஆருக்கும் தலை குனிஞ்சு பழக்கமில்லாதவள் நான். அண்டைக்கு மன்னிப்புக் கேட்டன். அவ என்ரை கையைப் பிடிச்சா. "நீங்கள் ஆறு பேரை வளர்த்தனீங்கள். எனக்கு அவன் ஒருத்தன்தான்," எண்டா.

என்ரை ஆறும் வளர்ந்து போச்சுதுகள். அவவின்ரையது வளராமலே போயிட்டுது. இதுக்கு ஆறுதல் என்ன சொல்லுறது? தெரிஞ்சால் எழுதுங்கோ.

காப்பைக் கழட்டி மேசை லாச்சிக்குள்ளை போட்டிட்டன். இனிப் போட்டென்ன, கழட்டியென்ன?

பேத்தி, எழுதினதை ஒருக்கா வாசி பாப்பம். உரத்து வாசி பிள்ளை — மேலை இப்ப ஒரு சத்தமும் இல்லை.