தண்ணீர் தெளிந்த நாளில் மலை ஏறியது

மலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய தெருவில் பிறந்து, அங்கிருந்து மூன்று தெரு தள்ளிக் கல்யாணமாகி வந்தவள் நான். பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பது வயது வரைக்கும் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல்மேட்டைத் தவிர உயரமான இடம் எதிலும் நான் ஏறி நின்றதில்லை. என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி வத்தலக்குண்டுக்கு மேலே மலையில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்குப் போய்விட்டு வந்து, அங்கே என்னென்ன பார்க்கலாம், என்னென்ன செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதித் தந்தாள். விடிந்ததும் பாறை முனைக்குப் போனால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். இருநூறு படி இறங்கினால் அருவி. காபித் தோட்டத்துக்குள் ஒரு நடை. சந்தையில் மலைவாழைப்பழம். அதிர்ஷ்டம் இருந்தால் சாலையோரத்தில் காட்டுமாடு. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, காலாண்டு விடுமுறை எப்போது வரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

என் கணவர் சங்கு குளிப்பவர். படகில் காற்றடிக்கும் மிஷின் இருக்கும். அதிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு எட்டு ஒன்பது ஆள் ஆழத்துக்கு இறங்கி, மணலில் புதைந்து கிடக்கும் சங்கைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். இருபது வருஷமாக அவருக்கு அதுதான் தொழில். போன வருஷம் அவரோடு ஒரே படகில் இறங்கிய ஒருவர் மேலே வந்த சிறிது நேரத்தில், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படகிலேயே சரிந்து விழுந்தார். அதன்பிறகு அவர் எழுந்து நிற்கவில்லை. அவரை வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று நான் சோறு ஆக்கவில்லை. மகளை நடுவில் நிறுத்தி, அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யும்படி என் கணவரிடம் சொன்னேன்.

"இனிமே இறங்க மாட்டேன்ளா. படகுல நின்னு மிஷினைப் பாத்துக்கிடுதேன், போதுமா?" என்றார்.

நான் நம்பினேன்.

கிளம்ப வேண்டிய வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே அவர் எழுந்து சட்டை மாட்டினார். மிஷினில் பெல்ட் மாற்ற வேண்டும், பத்து மணிக்குள் வந்துவிடுவேன் என்றார். பதினொன்றரைக்குத்தான் வந்தார். அவசர அவசரமாகக் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர், அன்று வழக்கத்தைவிடச் சந்தோஷமாக இருந்தார். மகளிடம், "காட்டுமாட்ட பாத்தா நீ ஓடிருவியா, நான் ஓடிருவேனா?" என்று கேலி பேசினார். எங்கள் தெருவில் கார் வைத்திருக்கும் டிரைவர் அண்ணாச்சி பன்னிரண்டு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கிளம்பிவிட்டோம்.

சமவெளி முடிந்து சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியபோது மணி ஐந்து இருக்கும். ஜன்னலை இறக்கினேன். குளிர்ந்த காற்றில் ஏதோ பச்சை வாசனை வந்தது. மகள் ஒவ்வொரு வளைவையும் சத்தமாக எண்ணினாள். முன் இருக்கையில் இருந்த அவர் வலது தோள்பட்டையைப் பிசைந்துகொண்டே வந்தார்.

"என்ன, வலிக்கா?"

"உக்காந்தே வந்தம்லா, பிடிச்சுக்கிச்சு."

விடுதி அறைக்குப் போனதும் தைலம் தேய்த்துவிட்டேன். முதுகிலும் வயிற்றிலும் நீலமும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்து ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தேன். அன்று அதைப் பற்றி நான் நினைத்தது அவ்வளவுதான். இப்போது யோசித்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

காலையில் பாறை முனைக்குப் போனோம். டீச்சர் எழுதித் தந்தது பொய்யில்லை. மேகம் எங்கள் காலுக்குக் கீழே கிடந்தது. மகள் வாயைத் திறந்தபடி நின்றாள். அவர் மட்டும் பத்தடி பின்னாலேயே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். கூப்பிட்டால் கையை ஆட்டினார். போட்டோ எடுக்கவும் எழுந்து வரவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. எத்தனை மாதம் திட்டம் போட்டு வந்த இடம்! பிள்ளைக்காகவாவது முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளக் கூடாதா?

பக்கத்தில் போய், "பிடிக்கலைன்னா வீட்டுலயே இருந்துருக்கலாம்லா? எதுக்கு வந்து இப்படி மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றேன்.

அவர் எழுந்தார். ஒரு கையைக் கல்லில் ஊன்றித்தான் எழுந்தார். பிறகு காருக்கு நடந்தார். நடை கொஞ்சம் அகலமாக, ஆடும் படகில் நடப்பவர் மாதிரி இருந்தது. அதையும் நான் பார்த்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

அடுத்து அருவி. கீழே இறங்கும்போது மகள் முன்னால் ஓடினாள். அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே போய்த் தண்ணீரில் கால் வைத்ததும் மகள், "ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கு!" என்று கத்தினாள். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் ஒரு காலை வைத்தார். கொஞ்ச நேரம் குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, குளிருதா?"

அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒன்று இருந்தது. பயம். அலை நாலு ஆள் உயரம் எழும்பிய நாளைப் பற்றிக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்லும் மனிதர் அவர்.

மேலே ஏறத் தொடங்கினோம். முப்பது படிகூட ஏறியிருக்க மாட்டோம். அவருடைய இடது கால் மடங்கியது. கம்பியைப் பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன செய்யுது? சொல்லுங்க."

"கால் இருக்கதே தெரியல." குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "காலையிலேருந்து ஒண்ணுக்கும் போகல. போக முடியல."

படகில் விழுந்தவரின் மனைவி எனக்குச் சொன்னதும் இதேதான். ஒன்றன்பின் ஒன்றாக இதேதான்.

"நேத்து எங்க போனீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இறங்குனேன்."

"எத்தன தடவ?"

"அஞ்சு. ஆறு இருக்கும்."

எனக்குக் காது அடைத்தது. பின்னால் அருவி கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தமே கேட்கவில்லை. அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை. மகளை மேலே ஓடிப் போய் டிரைவர் அண்ணாச்சியைக் கூட்டி வரச் சொன்னேன். அண்ணாச்சியும், மேலே டீக்கடை வைத்திருந்தவரும், அருவிக்கு வந்திருந்த இரண்டு பேரும் சேர்ந்து, கடையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்துத் தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி சாய்ந்தது. நான் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். மீதி நூற்று எழுபது படிகளையும் எண்ணினேன். எண்ணாமல் இருந்திருந்தால் என் காலும் மடங்கியிருக்கும்.

அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு டாக்டர் இருந்தார். சின்ன வயதுப் பெண். காய்ச்சல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் எல்லோரையும் தாண்டிப் போய், "இவர் முத்துக்குளிக்கிற ஊர்க்காரர். நேத்து கடல்ல சங்கு குளிச்சிட்டு, அன்னைக்கே மலை ஏறிட்டோம்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு யாருக்கோ போன் போட்டு இங்கிலீஷில் வேகமாகப் பேசினார். பேசி முடிப்பதற்குள்ளேயே நர்ஸிடம் ஆக்சிஜன் எடுத்துவரச் சொல்லிவிட்டார்.

"ஆழத்துல அழுத்தமான காத்தை சுவாசிச்சிருக்காரு. அது ரத்தத்துல கரைஞ்சு இருக்கும். மெதுவாத்தான் வெளிய போகணும். நீங்க அதுக்குள்ள உயரத்துக்கு வந்துட்டீங்க. இங்க காத்தழுத்தம் கம்மி. சோடா மூடியத் திறந்த மாதிரி உள்ள குமிழ் கிளம்பிருச்சு" என்றார். "இங்க வச்சிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் தப்பு. கீழ இறக்குங்க. மதுரையில பிரஷர் சேம்பர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டேன்."

ஆம்புலன்ஸ் பிரசவ கேஸ் ஒன்றை ஏற்றிக்கொண்டு அரை மணி முன்புதான் கீழே போயிருந்தது. டாக்டர் யோசிக்கவில்லை. சின்ன சிலிண்டர் ஒன்றை எங்கள் காரிலேயே வைத்து, பின் இருக்கையில் அவரை நீட்டிப் படுக்கவைத்து, முகமூடியை இறுக்கிக் கட்டினார். சிலிண்டர் மீட்டரில் இருந்த முள்ளைக் காட்டி, "இது சிவப்புக் கோட்டுக்கு வர்றதுக்குள்ள வத்தலக்குண்டு போயிருங்க. அங்க வேற சிலிண்டர் ரெடியா இருக்கும்" என்றார்.

அவர் தலை என் மடியில். கால்கள் மகள் மடியில். டிரைவர் அண்ணாச்சி வண்டியை விரட்டவும் இல்லை, மெதுவாகவும் ஓட்டவில்லை. அப்படி ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மகள் அழவில்லை. அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இப்ப எந்த விரலத் தொடுதேன்?" என்று கேட்டாள்.

"பெருவிரல்" என்றார் முகமூடிக்குள்ளிருந்து.

அவள் சுண்டுவிரலைத்தான் பிடித்திருந்தாள். "கரெக்ட்" என்றாள்.

நாலைந்து வளைவு இறங்கியதும் வண்டி நின்றது. சாலை நடுவே காட்டுமாடுகள் நின்றுகொண்டிருந்தன. ஆறு ஏழு இருக்கும். கரேலென்று, கார் உயரத்துக்கு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. நடுவில் ஒரு கன்று. அவற்றைப் பார்க்கவேண்டும் என்றுதான் வந்திருந்தோம்.

"ஹாரன் அடிங்க அண்ணாச்சி" என்றேன்.

"கூடாது டீச்சர். கன்னு நிக்கி. மிரண்டுச்சுன்னா நம்ம மேல வந்துரும்." என்ஜினை அணைத்துவிட்டார்.

பெரியது ஒன்று தலையைத் திருப்பி எங்களையே பார்த்தது. நான் முள்ளைப் பார்த்தேன். அது பாதிக்குக் கீழே வந்திருந்தது. ஆக்சிஜன் போகும் சத்தம் மட்டும் உஸ்ஸென்று கேட்டது. ஜெபம் சொல்ல வாயைத் திறந்தேன். பாதியில் வார்த்தை மறந்துபோனது. சின்ன வயதிலிருந்து தினமும் சொல்லும் ஜெபம். திரும்பத் திரும்ப முதல் வரியையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அழுத்திப் பிடிக்கவும் இல்லை. அதை அவர் உணர்ந்திருப்பார்.

பத்து நிமிஷம் இருக்கும். கன்று முதலில் சரிவில் இறங்கியது. பிறகு ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கடைசியாக அந்தப் பெரியது. அதன் வால் புதருக்குள் மறையும் வரை அண்ணாச்சி சாவியைத் தொடவில்லை.

மலை முடிந்து தென்னந்தோப்பு தெரிய ஆரம்பித்தபோது மகள் மறுபடி கேட்டாள், "இப்ப?"

அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார். "ரெண்டாவது விரல்."

அவள் என்னைப் பார்த்தாள். அவள் பிடித்திருந்ததும் அந்த விரலைத்தான். "ஆமாப்பா" என்றாள். அதற்கு அப்புறம்தான் அழுதாள்.

வத்தலக்குண்டில் சிலிண்டர் மாற்றினோம். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் பெரிய குழாய் மாதிரி ஒரு அறை இருந்தது. சர்க்கரைப் புண்காரர்களுக்காக வைத்திருக்கிறார்களாம். அதற்குள் அவரைப் படுக்கவைத்து, கடலுக்கு அடியில் இருக்கும் அழுத்தத்தை மறுபடி கொடுத்து, மணிக்கணக்காக மெல்ல மெல்லக் குறைத்தார்கள். வட்டமான கண்ணாடி வழியாக அவர் முகம் தெரியும். உள்ளே பேசுவதற்கு ஒரு போன் இருந்தது. முதல் நாள் நான் அதைத் தொடவில்லை. இரண்டாம் நாள் எடுத்துக் காதில் வைத்தேன்.

அவரே பேசினார். "ஒரு மாசமா தண்ணி கலங்கிக் கிடந்துச்சுளா. அன்னைக்குப் பாத்து கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருந்துச்சு. மேல நின்னு பாத்தாலே அடி மணல் தெரியுது. மனசு கேக்கல."

"எம் பிள்ளை தலையில கை வச்சு சொன்னீங்க" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் போனை வைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். பாறை முனையில் நான் பேசிய பேச்சு திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. உடம்பு முழுக்க வேதனையோடு அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தவர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சில மணி நேரமாவது மிச்சமாகியிருக்கும். அவர் சொல்லவில்லை. நான் சொல்லவிடவும் இல்லை.

எட்டு நாள் அந்தக் குழாய்க்குள் போய் வந்தார். ஐந்தாம் நாள் நின்றார். எட்டாம் நாள் சுவரைப் பிடித்து நடந்தார். வீட்டுக்கு வந்த பிறகு மகள் அவரோடு இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு நாள் அவள் பள்ளியிலிருந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. அவர் குடையை எடுத்துக்கொண்டு, இடது பாதத்தை இழுத்து இழுத்து, தெருமுனை வரைக்கும் போய் நின்றிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே குடையில் நனைந்துகொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து பேசினாள்.

அந்த இடது கால் முழுக்கச் சரியாகவில்லை. படி ஏறும்போது தெரியும். இப்போது படகில் மிஷின் பார்க்கிறார். தண்ணீர் தெளிந்திருக்கும் நாட்களில் வீட்டுக்கு வந்ததும் முற்றத்துக் குழாயடியில் வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். நான் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார். சந்தேகப்படவும் செய்கிறேன், அதுதான் உண்மை. முகத்தைத் துடைத்துக்கொண்டே அவரே சொல்வார்.

"இன்னைக்கு இறங்கலளா."

சரி என்று சொல்லிவிட்டுச் சோற்றை எடுத்து வைப்பேன்.