மாட்டுப் பொங்கலன்று கார் இழுத்தவர்கள்

என் வீட்டுக்காரர் மாயக்கண்ணன் நல்ல மனுஷர்தான். பொய் மட்டும் கொஞ்சம் சொல்லுவார். யார் குடியையும் கெடுக்கிற பொய் இல்லை, வெறும் ஜம்பப் பொய். காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் அவருக்கு டிரைவர் வேலை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, "வீட்டுல ஒரு காரு நிக்குது" என்று எங்கள் அப்பாவிடம் சொன்னார். யார் வீட்டில் என்று சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. கல்யாணமாகி மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது, கார் நிற்கிற வீடு ஒன்று, நாங்கள் இருக்கப்போகிற வீடு வேறொன்று என்று. ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டார், பேசித் தொலைத்தேன்.

என் பிறந்த ஊர் குன்றக்குடிக்கு மேற்கே. ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் போய் இறங்குவோம். "காரு எங்க மாப்பிள்ளை?" என்று யாராவது கேட்பார்கள். "பெயிண்ட் அடிக்கக் குடுத்திருக்கு" என்பார் இவர். ஆறு வருஷம் அந்தக் காருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷம் மாட்டுப் பொங்கல். முதலாளியும் ஆச்சியும் தேவகோட்டையில் இருக்கிற மகள் வீட்டுக்குக் காலையிலேயே போய்விட்டார்கள். சம்பந்தி வீட்டுக் கார் வந்து கூட்டிப்போனது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இங்கே கார் கொட்டகையில் சும்மா நின்றது. எங்கள் வீட்டில் இவரும் சும்மா நின்றார். எங்கள் ஊருக்கு ஒரு நடை காரிலேயே போய் வந்துவிடலாம் என்று ஆரம்பித்தார்.

முதலாளி அதிகம் பேசுகிறவர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஒரே ஒரு சட்டம் சொல்லியிருந்தார். அவரைக் கேட்காமல் கார் வாசல் தாண்டினால் அன்றைக்கே சாவியை வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். ஒரு சமையல்காரரையும் ஒரு கணக்கப்பிள்ளையையும் அப்படி ஒரே வார்த்தையில் அனுப்பிய ஆள். இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன். சொல்லிக்கொண்டே பட்டுச் சேலையும் கட்டிக்கொண்டேன். எனக்கும் ஆசை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஊருக்குள் நுழைந்ததிலிருந்து ஆரனில் வைத்த கையை இவர் எடுக்கவில்லை. எங்கள் அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்து ஊரைச் சுற்றினார். அப்புறம் சித்தப்பா, பெரியப்பா, பதினோரு பிள்ளைகள், கடைசியில் வெற்றிலைக்கடைக்காரர் வரைக்கும் ஏறி இறங்கினார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று சாவியைத் திருகினால் கார் உறுமவில்லை, இருமக்கூட இல்லை. மூடியைத் திறந்து இவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஊரே கூட நின்று எட்டிப் பார்த்தது.

என் தம்பி சேவுகன் அப்போதுதான் டிராக்டர் வாங்கியிருந்தான். "மச்சான், ஒங்க காருக்குப் பொங்கச்சோறு செமிக்கல போல" என்று சிரித்தபடி கயிறு கட்டினான். காரைக்குடி வரை இழுத்துக்கொண்டு வந்து விடுவதாக ஏற்பாடு. குன்றக்குடி தாண்டி வந்தோம். கோவிலூருக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும்போது டிராக்டர் குபுகுபுவென்று புகை விட்டு நின்றுவிட்டது. ஓட்டை ஓடத்துக்கு ஒன்பது பேர் துணை என்று சேவுகனைத் திட்டினேன். மணி மூன்றரை.

பக்கத்துக் கண்மாயிலிருந்து ஒருவர் தம் இரண்டு மாடுகளைக் குளிப்பாட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். கொம்புக்குப் புதுப் பெயிண்ட், கழுத்தில் ஆவாரம்பூ மாலை. அவர் பெயர் கருத்தையா என்று பிறகு தெரிந்தது. இவர் ஓடிப்போய், அந்த மாடுகளைக் காரில் பூட்டி காரைக்குடி வரை இழுக்க முடியுமா என்று கேட்டார்.

கருத்தையா இவரை மேலும் கீழும் பார்த்தார். வருஷம் பூராவும் உழைக்கிற வாயில்லா ஜீவனுக்கு இருப்பதே இந்த ஒருநாள் லீவு, இன்றைக்கு நுகத்தடியைக் கண்ணில் காட்டினாலே பாவம் என்றார்.

இவர் விடவில்லை. முதலாளி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதும் திணறினார். உடனே என்னைக் காட்டி, பிள்ளைத்தாய்ச்சி, வலி எடுத்துவிட்டது என்று ஒரு போடு போட்டார். நான் அப்போது காருக்குள் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன்.

"வலி எடுத்தவுக கரும்பு கடிக்கிறத இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார் கருத்தையா.

எனக்கு மானம் போயிற்று. துப்பிவிட்டு இறங்கினேன். "ஏங்க, ஒரு தடவையாவது உள்ளதைச் சொல்லித் தொலைங்க" என்று சத்தம் போட்டேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு முழுக் கதையையும் சொன்னார். முதலாளிக்குத் தெரியாமல் எடுத்தது, மாமனார் ஊரில் ஜம்பம் அடித்தது, பொழுது சாய்வதற்குள் கார் கொட்டகைக்குள் நிற்காவிட்டால் வேலை போய்விடும் என்பது, எதையும் விடவில்லை.

கருத்தையா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்மாய்க் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நானும் பொண்டாட்டி ஊருக்கு எரவல் கடியாரம் கட்டிக்கிட்டுப் போனவன்தான். சபையில வச்சு மாமனாரு மணி என்னன்னு கேட்டுட்டாரு. எனக்குப் பாக்கத் தெரியல" என்றார். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "மாட்டக் கேக்காதீக. மனுசன் எதுக்கு இருக்கோம்?"

பக்கத்திலிருந்த தம் ஊருக்குள் குரல் கொடுத்தார். பங்காளிகள் ஐந்து பேர் கிணற்றில் கமலை இறைக்கிற வடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆறு பேர் போதாது, நீங்களும் வந்து பிடியுங்கள் என்று இவரையும் வடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அப்படியானால் காரைத் திருப்புவது யார்? சேவுகன் டிராக்டருக்குக் காவல். மிச்சம் நான்தான். சக்கரத்தை இப்படிப் பிடி, சொன்னதும் இந்தப் பிரேக் கட்டையைக் காலால் மிதி, வேறெதையும் தொடாதே என்று பாடம் முடிந்தது.

ஏழு ஆம்பிளைகள் இழுக்க, ராணி மாதிரி நான் உள்ளே. மாடு இரண்டும் ஊர் எல்லை வரைக்கும் மாலையோடு பின்னால் ஆடி அசைந்து வந்தன. பொம்பளைகள் தட்டைத் தட்டி, "பொங்கலோ பொங்கல்" என்று கத்தி, மாட்டுக்குத் தெளிக்க வைத்திருந்த மஞ்சத்தண்ணியை எடுத்து இவர்கள் மேல் தெளித்தார்கள். ஒருத்தி இவர் கழுத்தில் ஆவாரம்பூ மாலையே போட்டுவிட்டாள். கோவிலூர் தாண்டி ஓர் இறக்கத்தில் கார் தானாக ஓட ஆரம்பித்தது. எனக்குக் கட்டை ஞாபகம் வரவில்லை. வடத்தைப் போட்டுவிட்டு ஏழு பேரும் காருக்கு முன்னால் ஓடின ஓட்டம் இருக்கிறதே, மஞ்சுவிரட்டில்கூட அப்படி யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். நல்லவேளை, அடுத்த மேட்டில் கார் தானே நின்றது. யாரும் என்னைத் திட்டவில்லை. இவர் மட்டும் கும்பிட்டார்.

இருட்டுவதற்குள் காரைக் கொட்டகைக்குள் தள்ளியாயிற்று. இவர் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு காரைத் துடைத்தார். கருத்தையாவும் பங்காளிகளும் வாசல் குழாயில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி வந்து இறங்கிவிட்டார்.

முதலாளி நேரே கொட்டகைக்குப் போய் காரின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெளியே போய் வந்த காரென்றால் சூடு காட்டிக் கொடுத்துவிடும். இதுவோ மூன்று மைல் மனுஷன் இழுத்து வந்த கார், அம்மிக்கல் மாதிரி ஜில்லென்று கிடந்தது. முதலாளி தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அப்போதுதான் வாசலில் நின்ற ஆறு பேரையும் பார்த்து, யார் இவர்கள் என்று கேட்டார்.

இவர் வாயைத் திறப்பதற்குள் கருத்தையாவே முந்திக்கொண்டு, வழிப்போக்கர்கள் ஐயா, தண்ணி குடிக்க வந்தோம், இந்தா கிளம்பிவிட்டோம் என்றார். சொல்லிக்கொண்டே இவரைப் பார்த்துக் கண்ணை வேறு சிமிட்டினார். தோளெல்லாம் வடம் உராய்ந்து சிவந்திருந்தது அந்த மனுஷருக்கு. முதலாளியோடு வந்த காவல்காரர், "குடிச்சாச்சுல்ல, கூட்டம் போடாம கெளம்பு" என்று கையை வீசினார். அவர்களும் துண்டை உதறிக்கொண்டு நகர்ந்தார்கள்.

பேசாமல் இருந்திருந்தால் போதும். பொய்கூட இவர் சொல்ல வேண்டியதில்லை, வேறொருத்தர் சொல்லியாயிற்று.

"இல்ல முதலாளி" என்றார் இவர். "அவுக வழிப்போக்கர் இல்ல. நான் ஒங்களுக்குத் தெரியாம காரை எடுத்துட்டுப் போனேன். நடு ரோட்டுல நின்னுருச்சு. இவுகதான் மாட்டைப் பூட்டாம தோள்ல இழுத்துக் கொண்டாந்து விட்டாக."

முதலாளி இவர் பக்கத்தில் வந்தார். கையை நீட்டினார். இவர் சாவியை வைத்தார். முதலாளி ஆச்சி பக்கம் திரும்பி, வந்தவர்கள் எல்லாருக்கும் இலை போடச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எல்லாருக்கும் என்றதால் இவருக்கும் ஓர் இலை விழுந்தது. வேலை போன மனுஷர் கருத்தையாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆச்சி என் கையில் வடைத் தட்டைக் கொடுத்தார்கள்.

கருத்தையாவுக்குச் சோறு இறங்கவில்லை. "எங்களத் தெரியாதுன்னே இருந்திருக்கலாம்ல? நாங்க என்ன கோவிச்சுக்கவா போறோம்?"

"நீங்க கோவிச்சுக்க மாட்டீக" என்றார் இவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே. "இவ கோவிச்சுக்குவா."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இவர் இலையில் இரண்டு வடையாக வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனேன்.