கம்பவுண்டர் வாய் திறக்காத நாவல்

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷங்களில் நான் பாளையங்கோட்டையில் ஓர் அச்சாபீஸில் வேலை பார்த்தேன். பெண்களுக்கென்று பின்பக்கம் ஓர் அறை. அச்சடித்து வருகிற பெரிய தாள்களை மடிப்போம், அடுக்குவோம், ஊசிநூலால் தைப்போம். மடித்தால் பதினாறு பக்கம் வருகிற தாளுக்குப் பாரம் என்று பெயர். வருவதெல்லாம் பாடப்புத்தகமும் ஜெபப்புத்தகமும்தான். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு நாவல், அதுவும் காதல் நாவல் வருகிறது என்றதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

எழுதியவர் வேறு யாருமில்லை, முன்னறையில் பிழை திருத்துகிறவர். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். என்னோடு வேலை செய்த அக்கா அவரைத் தம்பி என்பாள். அச்சுக் கோர்ப்பவர்கள் அண்ணாச்சி என்பார்கள். நான் எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவுமில்லை.

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. பாரம் வந்ததும் நான் வாசிப்பேன், அவள் மடித்துக்கொண்டே கேட்பாள். கதை ஓர் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. மருந்து கலக்கும் கம்பவுண்டருக்கும் புதிதாக வந்த நர்ஸுக்கும் காதல் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அதற்குப் பிறகு காதலைக் காணவில்லை. இரண்டாம் பாரம் முழுக்கக் கம்பவுண்டர் இருமல் மருந்து காய்ச்சினான். மூன்றாம் பாரத்தில் நர்ஸ் வந்து ஒரு புட்டி கேட்டாள்.

"கை பட்டுதாட்டி?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லக்கா. மேசையில வச்சான். அவ எடுத்துக்கிட்டுப் போயிட்டா."

"வெளங்கும்" என்றாள் அக்கா.

ஐந்தாம் பாரத்தில் மழை பெய்தது. ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே குடை. நாங்கள் இருவரும் மடிப்பதை நிறுத்திவிட்டோம். கம்பவுண்டர் அந்தக் குடையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தான் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். சிரித்து முடித்து நிமிர்ந்தால், கையில் தாளோடு எழுதியவரே வாசலில் நிற்கிறார்.

அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "தம்பி, அவனுக்கு அந்தப் பிள்ளையப் பிடிச்சிருக்கா, இல்லியா?"

"பிடிச்சிருக்கு."

"அத எங்கன எழுதியிருக்கிய?"

"வாசிக்கிறவங்களுக்குத் தானா தெரியும்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியலியே" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். "தெரியலியா?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு, வந்த வேலையைச் சொல்லாமலே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் அறையில் உட்கார்ந்தார். கடைசிப் பாரம் இன்னும் கோர்க்கவில்லையாம், மாற்றி எழுத இடமிருக்கிறதாம். "கம்பவுண்டர் என்ன சொல்லணும்? நீங்களே சொல்லுங்க."

நான் யோசித்தேன். "நீ வராத அன்னிக்கு எனக்கு மருந்து அளவே தப்பிப்போச்சுன்னு சொல்லட்டும்."

அவர் பதறிப்போனார். "அளவு தப்பினா குடிக்கிறவன் செத்துல்லா போவான்?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பென்சிலை எடுத்தார், திரும்பக் காதில் செருகினார். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க காய்ச்சல்னு வராம இருந்தியளே, அந்த வாரம் ஒரே பக்கத்தத் திரும்பத் திரும்பத் திருத்தினேன். பிழையெல்லாம் அப்படியே இருந்துது."

அக்கா நூல் எடுப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் காது இரண்டும் சுட்டன.

"இத எழுதலாமா?" என்று கேட்டார்.

"எழுதாதிய."

"ஏன், நல்லால்லியா?"

"அது எனக்குச் சொன்னது" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் அவருடைய அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் அப்பா உபதேசியார், எதையும் ஜெபம் பண்ணித்தான் முடிவு சொல்வார். அன்றைக்கு ஜெபம் ரொம்பச் சுருக்கமாக முடிந்தது.

நாவலும் வெளிவந்தது. கடைசிவரை கம்பவுண்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திடீரென்று ஒரு பக்கத்தில் இருவருக்கும் கல்யாணம் நடந்துவிடுகிறது. வாங்கினவர்கள், வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து வாசிக்கத் தோதான புத்தகம் என்றார்கள். காதல் போதவில்லை என்று எழுதிக் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

எங்கள் கல்யாணம் சாரல் காலத்தில் நடந்தது. சாயங்காலம் மாட்டுவண்டியில் திருநெல்வேலியில் இருந்த அவர் வீட்டுக்குப் புறப்பட்டோம். பாலத்தின் கீழே தாமிரபரணி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவர் மாடுகளைப் பைய விடச் சொன்னார். பிறகு பேச ஆரம்பித்தார். ஆற்றைப் பற்றி, தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி, என்னை முதன்முதலில் பார்த்த அன்று நான் உடுத்தியிருந்த சேலையைப் பற்றி. ஊர் வந்து சேரும்வரை அவர் நிறுத்தவேயில்லை. வண்டிக்காரர் ஒருதரம் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.