சீனக் கடையில் காத்த சைவம்

பாரிஸில், நம்மவர் கூடும் லாச்சப்பலில் குணரத்தினத்தார் என்றால் அறியாத ஆள் இல்லை. படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் 1984இல் ஒரு பையோடு வந்து இறங்கியவர், ஆறே மாதத்தில் வென்சோ நகரத்துச் சீனர் ஒருவரின் சாப்பாட்டுக்கடைக் குசினியில் முதலாளிக்கு வலது கையாகிவிட்டார். அந்த ஊர்ப் பலகாரம் எதைக் கேட்டாலும் செய்வார். மீனை அரைத்து நீட்டு நீட்டாய்க் கிள்ளிப் போட்டாலும் உருண்டை என்றே பெயர் பெற்ற மீன் உருண்டை, முள்ளங்கியும் இறைச்சியும் வைத்துப் பொரிக்கும் பணியாரம், எல்லாம் செய்வார். வாயில் மட்டும் வைக்கமாட்டார்.

“மூண்டு வருசம் சீனன்ரை குசினி. ஒரு மச்சம் மாமிசம் இந்த நாக்கிலை பட்டதில்லை,” என்று ரூ லூயி-பிளாங் தெருவில் நின்று சொல்லுவார். மத்தியானத்தில் அவர் சாப்பிட்டது வெறும் சோறும், முதலாளியின் மனைவி வீட்டில் பிடித்துக் கொண்டுவரும் எள்ளு உருண்டையும்தான். ஒட்டும் அரிசிமாவுக்குள் கறுத்த எள்ளும் சீனியும். வெந்து வந்தால் நம்முடைய மோதகம் தோற்றுப்போகும்.

அந்தப் பெருமையில்தான் போன வருடப் பிள்ளையார் சதுர்த்தியில், அதே கடையில் கோப்பை கழுவும் இராஜேந்திரனைக் ஊர்ச்சனம் பூசைக்குக் கூடும் கோசலை வீட்டுச் சாமியறை வாசலில் மறித்தார். “மீன் உருண்டை திண்டிட்டு வாறாய். போய்ப் படியிலை இரு.” பூசை முடியும்வரை அவன் மாடிப்படியில் இருந்தான்.

இந்த வருடம், 1987இல், நூற்றெட்டு மோதகம் தன் கையால் படைப்பதாக ஊரெல்லாம் சொல்லிவைத்தார். சதுர்த்தியன்று காலை, மோதகத்துக்குள் வைக்க அந்த எள்ளுப் பூரணத்தைக் குசினியிலேயே செய்து காட்டும்படி முதலாளியின் மனைவி மதாமைக் கேட்டார். அவள் எள்ளை வறுத்து இடித்துச் சீனி போட்டாள். பிறகு ஒரு சட்டியைத் திறந்து, வெள்ளையாய் உறைந்த ஒன்றை இரண்டு கை அள்ளிப் போட்டுப் பிசைந்தாள்.

“வெண்ணெயோ?” தெரிந்த பிரெஞ்சில் கேட்டார்.

மதாம் சிரித்தாள். விரலால் மூக்கு நுனியை மேலே தள்ளி, பன்றிபோல இரண்டு தரம் உறுமினாள்.

குணரத்தினத்தார் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “எப்பவும் இதுவோ?”

“எப்பவும். இல்லாவிட்டால் உள்ளே இளகாது.”

மூன்று வருடம். கந்தசஷ்டி விரதத்துக்கும் ஒருநேரச் சாப்பாடு அதுதான். வயிற்றைத் தடவினார். வேறு யாருடைய வயிறோ போல இருந்தது.

சொல்லாமல் விடலாம். அடுப்புப் பழுது என்று ஒரு பொய் போதும், பெயர் நிற்கும். வழி நெடுக அந்தப் பொய்யைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

கோசலை கதவைத் திறந்து அவரின் வெறுங்கையைப் பார்த்தாள். “எங்கை அண்ணை மோதகம்?”

அவளுக்குப் பின்னால் பிள்ளையார் படம் தெரிந்தது. பொய் வரவில்லை.

“அதுக்குள்ளை பண்டிக்கொழுப்பு, தங்கச்சி. மூண்டு வருசமா நான் திண்டது பண்டிக்கொழுப்பு.”

உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. குணரத்தினத்தார் சப்பாத்தைக் கழற்றாமலே திரும்பி மாடிப்படிக்குப் போனார்.

அங்கே இராஜேந்திரன் இருந்தான். இந்தமுறை அவனைப் படியில் இருக்கச் சொல்லி யாரும் மறிக்க வேண்டியிருக்கவில்லை, தானாகவே வந்து இருந்தான். நடந்ததெல்லாம் காதில் விழுந்திருந்தது. ஒரு பக்கம் அரக்கி இடம் விட்டான்.

“இருங்கோ அண்ணை. இனியென்ன, அந்த மீன் உருண்டையையும் ஒருக்கால் திண்டு பாருங்கோ,” என்றான்.