வாசலில் கழற்றி வைத்த கண்ணாடி

கண் கேம்ப் நடந்த அன்றைக்கு ஏழாயிரம்பண்ணைப் பள்ளிக்கூட வராண்டாவில் எங்கள் தெருவிலிருந்து நாலே பேர்தான் உட்கார்ந்திருந்தோம்: என் அம்மா, பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அத்தை, எங்களைக் கூட்டிப் போன எஸ்தர் டீச்சர், எட்டாம் வகுப்பில் இருந்த நான். அம்மாவின் சேலையில் துவைத்தாலும் போகாத கந்தக வாடை அடித்தது. கண் பார்க்க வந்த டாக்டரம்மா குனிந்தபோது, அந்த வாடை பிடிக்காமல் எங்களை எழுப்பி விட்டுவிடுவாரோ என்று எனக்கு ஒரே பதற்றம். நான் அப்போதிருந்தே அப்படித்தான். எது நடக்கப் போகிறதென்றாலும் முன்கூட்டியே பயந்து வைத்துக்கொள்வேன்.

அம்மா பட்டாசுக் கம்பெனியில் "திரி சொருகுற" வேலை பார்த்தாள். காகிதக் குழாயின் பொடி ஓட்டைக்குள் மெல்லிய திரியை நுழைக்க வேண்டும். எத்தனை கட்டு முடிக்கிறோமோ அதற்குத்தான் கூலி. நாற்பதைத் தொடும் வயதில் அவளுக்குக் கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்க ஆரம்பித்து, ஓட்டையைக் கண்ணால் பார்க்க முடியாமல் விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். கூலியும் குறைந்துகொண்டே வந்தது. கேம்ப்பில் அவளுக்குக் காசு வாங்காமலே கண்ணாடி கொடுத்தார்கள், தங்கம் மாதிரி மினுங்குகிற கம்பிக் கண்ணாடி. போட்டதும் முதலில் என்னைத்தான் கிட்டத்தில் இழுத்து வைத்துப் பார்த்தாள்.

"ஏ புள்ள, ஒனக்கு மூக்கோரத்துல மச்சம் இருக்கா?"

"பெத்தவ கேக்குற கேள்வியா இது? டீச்சரம்மா, இது இவ பிள்ளைதானான்னு ஒருக்கா விசாரிங்க" என்று அத்தை சிரிக்க, வராண்டாவே சிரித்தது. அம்மா அம்புட்டு சந்தோசமாக இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிற வழியில் கம்பெனி வாசல்வரை அவளோடு நடந்தேன். வாசலில் போர்மேன் அண்ணன் ஒரு பிஸ்கட் டின்னோடு நிற்பார். தீப்பெட்டி, பீடி, ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெடிமருந்து கிடக்கிற இடத்தில் இரும்பு உரசினால் போதும், ஒரு பொறிக்கு ஒரு கட்டடமே போய்விடும். அது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கண்ணாடியும் கம்பிதான் என்பது அவர் கை நீட்டும்வரை எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. எப்போதும் முன்கூட்டியே பயப்படுகிற எனக்கும் தோன்றவில்லை.

"கோவிச்சுக்கிடாதீகக்கா. கம்பி உள்ள போவக்கூடாது. சாயங்காலம் பத்திரமா வாங்கிக்கிடுங்க."

"பகலெல்லாம் கண்ணாடிக்கு லீவு, நமக்குத்தான் வேலை" என்று அத்தை சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சைக்கிள் கடையில் ரப்பர் வால்வு டியூப் வாங்கி வந்து, கண்ணாடியின் காதுக்கம்பி இரண்டிலும் மாட்டி, மிச்ச இடத்தில் நூலைச் சுற்றினேன். ஓரிடத்தில்கூடக் கம்பி வெளியே தெரியவில்லை. மறுநாள் போர்மேன் அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் விட்டுவிட ஆசைதான் என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் கம்பி மடங்குகிற இடத்தில் நகத்தால் நூலை விலக்கினார். உள்ளே ஒரு குட்டித் திருகாணி. "உள்ள அம்பது பேரு இருக்காகளேக்கா" என்றார். அவர்மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? கேம்ப்காரர்கள் போய்விட்டார்கள். சிவகாசிக் கடையில், திருகாணிகூட இல்லாமல் முழுக்கப் பிளாஸ்டிக்கில் புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டதும் அம்மா படியிறங்கிவிட்டாள்.

தீபாவளி சீசன் நெருங்கியது. அம்மா சொருகியதில் திரி நிற்காமல் விழுந்த கட்டுகளைக் கழித்துப் போட்டார்கள். வேலையை விட்டு நிறுத்தாமல் இருக்க ஒரு வழி சொன்னார்கள்: "பிள்ளைக்குக் கண்ணு நல்லாருக்குல்ல, பக்கத்துல உக்கார வைங்க." அப்படித்தான் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனேன். வயசு கேட்டு யாராவது வந்தால் பின்பக்கம் முள்ளுக்காட்டுக்குள் போய் நிற்கச் சொன்னார்கள். எஸ்தர் டீச்சர் வீட்டுக்கு வந்து சண்டை போட்டார், அழுதுகூடப் பார்த்தார். "இந்த சீசன் மட்டும் டீச்சர். அடுத்த கேம்ப்ல பிளாஸ்டிக்கு கேட்டு வாங்கிட்டு இவள அனுப்பிருதேன்" என்றாள் அம்மா. பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள். அடுத்த கேம்ப்பிலும் கம்பிக் கண்ணாடிதான் கொடுத்தார்கள். அதற்குள் என் விரலும் அந்த வேலைக்குப் பழகிவிட்டிருந்தது.

இப்போது அம்மா இல்லை. கம்பெனி வாசலில் அந்த பிஸ்கட் டின் இல்லை. அந்த இடத்தில் செல்போன் போட ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கிறது. அம்மாவின் கண்ணாடியில் நான் மாட்டிய டியூப் இளகிப் பிசுபிசுத்து உதிர்ந்துவிட்டது, கம்பி மட்டும் இன்னும் மினுங்குகிறது. எனக்கும் நாற்பது ஆகிறது; இப்போதெல்லாம் ஓட்டையை விரலால்தான் தேடுகிறேன். சூலக்கரையில் நடந்த கேம்ப்புக்குப் போய், உட்காருவதற்கு முன்பே பிளாஸ்டிக் இருக்கிறதா என்று கேட்டேன். உங்கள் பவருக்கு வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். சீசன் தொடங்கிவிட்டது, இன்னும் வரவில்லை. கண் மங்குவதைக் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலையில் எட்டாம் வகுப்புப் படிக்கிற என் மகளின் சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் வாசல் வெளிச்சத்தில் நின்று தடுமாறிக்கொண்டிருந்தேன். "குடுங்கம்மா, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது, நான் கோத்துத் தாரேன்" என்று கை நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திரி சொருகிய என் கைதான் ஞாபகம் வந்தது. ஊசியைக் கொடுக்கவில்லை. என் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, பொத்தான் இருந்த இடத்தில் குத்தி, பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அனுப்பி வைத்தேன். அவள் போகிற வாசலில் ஊக்கைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள்.