ஊசிக்கு முன் ஒரு சேதி

"இன்னிக்கு என்ன நாள் தெரியுமா?" என்று கேட்டபடியே முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்குகிறார். நாற்காலியில் இருப்பவர் விழிக்கிறார். சம்பள நாளா, கல்யாண நாளா என்று யோசித்து முடிப்பதற்குள் பஞ்சு தடவியாகிவிட்டது. "இடக்கைக்காரங்க நாள் சார். உலகம் முழுக்கக் கொண்டாடறாங்க. அதான் இடது கையைக் கேட்டேன்." அட, என்று அவர் வாயைத் திறக்கும்போது ரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் இவர் 'இன்னிக்கு சார்'. சொந்தப் பெயர் சட்டைப்பையில் தொங்கும் அட்டையில் இருக்கிறது. அதைப் படித்தவர் யாருமில்லை. உருண்டை முகம், மூக்கு நுனிக்கு வழுக்கி வந்த கண்ணாடி. காலையில் பல் துலக்கும் முன்பே கைபேசியில் அன்றைய தேதியைத் தட்டிவிடுவார். யார் பிறந்தார், எங்கே போர் மூண்டது, எந்த நாட்டில் எதற்கு விடுமுறை, எந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எல்லாம் வேண்டும். நோயாளிகள் வெறும் வயிற்றோடு வருவார்கள். இவர் வெறும் வாயோடு வந்ததே கிடையாது.

பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்த அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்தால், "பதினஞ்சு வயசுப் பிள்ளைக்குச் சர்க்கரை டெஸ்ட்டா?" என்பார். நடுங்குகிற அம்மாளுக்கு ஒரு போர்க்கதை. "ஒரு தீவுல சண்டை வந்துச்சுங்க. முக்கால் மணி நேரம்கூட நீடிக்கலை. ராஜா அரண்மனையை விட்டே ஓடிட்டாரு. நம்ம சண்டை அதைவிடச் சின்னது, இதோ முடிஞ்சுது." கல்லூரி மாணவன் ஒருவன், "செம மொக்கை சார்" என்று சொல்லி மாட்டிக்கொண்டான். "மொக்கைன்னா கூர் மழுங்கினதுன்னு அர்த்தம் தம்பி. என்னைச் சொல்லு, பரவாயில்லை. என் ஊசியைச் சொல்லிடாதே."

வீட்டில் இந்த வித்தை அவ்வளவாகச் செல்லுபடியாகாது. "எங்க கல்யாண நாளை ஞாபகப்படுத்தினாக்கூட, அன்னிக்கு எந்த ராஜா செத்தான்னுதான் சொல்வாரு" என்பது மனைவியின் புகார்.

இவர்களுக்கு ஒரே மகள். தன்னோடு வேலை பார்ப்பவனையே கட்டிக்கொள்வது என்று முடிவெடுத்திருந்தாள். அவனுடைய அம்மாவின் சம்மதம் மட்டும்தான் பாக்கி. அந்த அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் மகள் இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, கெஞ்சிக் கேக்கறேன். நாளைக்கு மட்டும் 'இன்னிக்கு' வேண்டாம்."

சத்தியம் செய்து கொடுத்தார். வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வந்த அம்மா தலைக்குப் புதிதாகச் சாயம் பூசியிருந்தார். பேச்சு நன்றாகவே போயிற்று. தேநீரை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைன்னா ஊருக்கெல்லாம் லீவு. எனக்கு அன்னிக்குத்தான் வேலை ஜாஸ்தி. எங்க வீட்ல நான் இல்லாம ஒரு ஸ்பூன் நகராது."

கிழமை! அன்று காலை இவர் தேடிப் பிடித்த சொல்லே அதுதான். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. சத்தியமாவது ஒன்றாவது.

"அப்ப நீங்கதாங்க அந்த வீட்டுக் கிழத்தி!"

கோப்பை பாதி வழியில் நின்றது. "யாரு, நானா கிழவி?"

"கிழவி இல்லீங்க, கிழத்தி. கிழமைன்னா உரிமை. ஞாயித்துக்கு உரிய நாள் ஞாயித்துக்கிழமை. வீட்டுக்கு உரியவன் கிழவன், உரியவ கிழத்தி. வயசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. வயசானவங்களைச் சொல்றது பின்னால வந்த பழக்கம். உங்க வயசைப் பத்தி நான் பேசவே இல்லையே..."

பேசவே இல்லை என்றவர் வயசை விடவே இல்லை. மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேரமாச்சு, கிளம்பறோம்" என்று அந்த அம்மா எழுந்தார். தேநீர் அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து மகள் இவரை 'அப்பா' என்று கூப்பிடவில்லை. "தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் மனைவி. தவளைக்கு நுணல் என்று ஒரு பழைய பெயர் உண்டு என்பது இவர் தொண்டை வரை வந்தது, விழுங்கிக்கொண்டார். மனிதர் உண்மையாகவே ஒடிந்துபோயிருந்தார். மகள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் தன் நாக்கு கெடுத்துவிட்டதே என்று சாப்பாடு இறங்கவில்லை. வேலையிலும் வாயைத் திறக்கவில்லை. யோசிக்க எதுவும் இல்லாததால் எல்லோரும் ஊசியையே பார்த்தார்கள், எல்லோருக்கும் வலித்தது. மாதா மாதம் வருகிற அம்மாள் ஒருத்தி, "என்ன சார், இன்னிக்கு ஒரு நாளும் இல்லையா?" என்று கேட்டாள். "சாதாரண நாள்தாம்மா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் மகளின் கைபேசி ஒலித்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவள், யாரென்று பார்த்ததும் முகம் வெளுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி."

"உன்கிட்ட இல்லம்மா. அந்த வீட்டுக் கிழவன் இருக்காரா? இந்த வீட்டுக் கிழத்தி பேசறேன்னு சொல்லு." குரலில் சிரிப்பு இருந்தது. "பையன் அகராதியை எடுத்துக் காட்டினான். ஒரு வாரமா வீட்ல எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடச் சொல்லிட்டிருக்கேன். கல்யாணத்துக்குத் தேதி பார்க்கணும், அவர்கிட்ட குடு."

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பா" என்று நீட்டினாள்.

எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். அந்த அம்மா ஒரு தேதியைச் சொன்னார். சொன்னதுமே இவர் புருவம் உயர்ந்தது, உதடு பிரிந்தது. மகள் இவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவர் சட்டென்று இடது கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, கைபேசியைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினார்.